மறுபடியும் இதழ் எண் ஒன்று

உருமன் திரும்பி வந்துவிட்டான்.
பழைய பஸ் ஸ்டாண்டில், மகபூப் கடையில்,
தினத்தாள்களுக்கு மேலே கிளிப் மாட்டித் தொங்குகிறான்.
விலை நூற்றெண்பது.
தட்டுவடை செட் தின்ற கையோடு தொடாதே என்கிறான் மகபூப்.
வழவழத் தாள், ரேகை விழுமாம்.
அட்டையில் கொட்டை எழுத்து: இதழ் எண் ஒன்று.

ஒன்றா?
இருநூற்றுப் பன்னிரண்டில் அல்லவா நிறுத்தினீர்கள்!
உடைகிற அணையைத் தோளால் முட்டுக்கொடுத்தபடி
அவன் செத்துப்போன இதழ்.
அன்றைக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்து
கைக்காசு முப்பது ரூபாய் கட்டினேன்.

ஆனாலும் வாங்கினேன்.
சேலம் – ஏற்காடு, முதல் நடை, ஆறு பத்து.
அடிவாரம் தாண்டி டிக்கெட் போட்டு முடித்ததும்
பின்படி ஓரத்து இருக்கையில் பிரித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.
மழையை நன்றாக வரைகிறார்கள்.
முன்பெல்லாம் மழையென்றால் சாய்த்துப் போட்ட கோடு.
இப்போது தகரத்தில் விழுவதும் தாரில் விழுவதும்
வேறு வேறாகத் தெரிகிறது.
யார் கையோ, நன்றாயிருக்கட்டும்.

மற்றதெல்லாம் குறைதான்.
உருமன் வயிற்றில் எட்டுக் கட்டு;
எங்கள் வண்டிக்கே படி மூன்றுதான்.
டாக்டர் சாம்பல் ஏன் கெட்டவனானான் என்று
பதினான்கு பக்கம் அழுகிறார்கள்.
அவன் ஊரைக் கொளுத்துவது அரைப் பக்கம்.
ஐயோ அம்மா என்று ஓடுகிற சனம் ஒன்றுகூட இல்லை,
எல்லோரும் நின்று போனில் படம் எடுக்கிறார்கள்.
அது சரியாகத்தானே இருக்கு என்கிறான் டிரைவர் செங்கோடன்.
சரியாக இருப்பதற்கா நூற்றெண்பது?

வயதைச் சொல்லவில்லையே.
எனக்குப் பதினொன்று ஆனபோது அவனுக்கு முப்பது.
எனக்கு முப்பது ஆனபோது அவனுக்கும் முப்பது;
அந்த ஒரு வருஷம் மீசையை அவனைப் போல ஒதுக்கிக்கொண்டேன்.
இப்போது எனக்கு நாற்பத்தொன்பது.
அவனுக்கு இருபத்திரண்டாம்.
பாஸ் இருக்கா தம்பி என்று கேட்கத் தோன்றுகிறது.

அதையெல்லாம் விடுங்கள்.
அருளப்பன் எங்கே?

பதினெட்டாம் இதழில் காக்கிப் பையோடு வந்த தபால்காரர்.
உருமன் யாரென்று தெரிந்த ஒரே ஆள்.
சாம்பலின் அடியாட்கள் நகத்தைப் பிடுங்கியபோதும்
‘விலாசம் தவறு’ என்று மட்டும் சொன்னவர்.
பறக்கத் தெரியாது. முழங்கால் வலி வேறு.
அந்த ஆள் வாயைத் திறக்காததால்தான்
உலகம் நூற்றுத் தொண்ணூறு இதழ் பிழைத்துக் கிடந்தது.
புதுக் கதையில் யாரும் கடிதம் எழுதுவதில்லை.
அதனால் அவர் பிறக்கவே இல்லை.

எண்ணைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.
ஒரு நாளைக்கு மூன்று முறை
கொண்டை ஊசி வளைவு ஒன்றிலிருந்து இருபது வரை
ஏறுகிறவன் நான்.
ஒவ்வொரு நடையும் ஒன்றிலிருந்துதான்.
ஆனால் எத்தனையாவது நடை என்று
பிரேக் கட்டைக்குத் தெரியும்.
ஒன்பதாவது வளைவுச் சுவரில்
போன ஐப்பசியில் லாரி உரசிய பச்சைப் பெயிண்ட்
இன்னும் இருக்கிறது.
எண்ணை அழித்துக்கொள்ளுங்கள் ஐயா,
உரசலை என்ன செய்வீர்கள்?

இனி வாங்கமாட்டேன் என்று மகபூபிடம் சொன்னேன்.
இரண்டாம் இதழ் வாங்கும்போதும் சொன்னேன்.
மூன்றுக்கு அவனே எனக்காகச் சொல்லிவிட்டான்.

நான்காம் இதழ், இருபத்துமூன்றாம் பக்கம்,
கீழே வலது மூலைக் கட்டம்.
முன்னால் உருமன் யாரையோ தூக்கி எறிகிறான்.
பின்னால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு
ஒரு பஸ் நிறுத்தம்.
நம்மைப் பார்க்காமல் ஓர் ஆள்.
சட்டைக்குள் எதையோ புடைப்பாக வைத்து
குனிந்து நிற்கிறார், தான் நனைந்துகொண்டு.

ஏற்காட்டில் வண்டி நின்றதும் செங்கோடனிடம் காட்டினேன்.
யாரோ கொரியர் பையன் என்றான்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
ஒரு முழங்காலை மட்டும் மடக்கி,
எடையெல்லாம் மற்ற காலில்.

ஐந்தாம் இதழுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.
திட்டிக்கொண்டே இருந்தாயே, இப்போது என்ன என்றான் மகபூப்.
விலாசம் தவறு என்றேன்.